மலைச்சரிவு தந்த பெயர்

அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரின் அருகில், ஏறத்தாழ 2 மைல் தொலைவுக்குள் 1,300 அடி இறங்கும் கரடுமுரடான மண்பாதை ஒன்று உண்டு. 1976 அக்டோபர் 21 அன்று இளைஞர் சிலர் பழைய மிதிவண்டிகளில் அப்பாதையில் போட்டியிட்டு இறங்கினர். இன்று உலகெங்கும் ஓடும் மலை மிதிவண்டிக்கு அது ஒரு தொட்டிலாயிற்று.

அவ்வண்டிகளில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்துக்குள் பிரேக் பிடிக்கும். அடிவாரத்தை எட்டுவதற்குள் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய் வெளியேறும். பின்னர் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ஆகவே பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’ என்ற பெயர் நிலைத்தது.

எந்த மிதிவண்டியிலும் பிரேக் வேகத்தை வெப்பமாக மாற்றியே அடக்குகிறது. ஆதலால் நெடிய இறக்கத்தில் அதனை அழுத்திக்கொண்டே இராமல், இரு சக்கரங்களிலும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். புறப்படுமுன் பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் கம்பியின் இழுப்பையும் பாருங்கள். ரிம்மில் எண்ணெய் ஒரு துளியும் படலாகாது. பெற்றோரே, பள்ளி செல்லும் பிள்ளையின் வண்டியை வாரம் ஒருமுறையேனும் இவ்வாறு சோதித்து அனுப்புங்கள். மேட்டில் ஏறக் கால்வலிமை போதும். பிள்ளை நலமாய் இறங்கி வீடு சேர, பிடிக்கும் பிரேக் வேண்டும்.