எமது பாய்மரத் தோணி

மதுரை மாநகரிற் பிறந்தார்க்குப் படகு என்றவுடன் நினைவில் எழுவது வண்டியூர்த் தெப்பக்குளமே. திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டில் அமைத்த அக்குளத்தில், தைப்பூசத்தன்று தெப்பத்தைக் கரையினின்று வடம்பிடித்து இழுப்பர். காற்றுக்கு அங்கே வேலையில்லை. வைகையோ ஆண்டிற் பெரும்பகுதி மணலாறு. ஆதலின், எமக்கொரு பாய்மரத் தோணி உண்டென விடுதியில் உரைத்தபோது நண்பர்கள் நகைத்ததில் வியப்பில்லை.

அது தொண்டிக்கு அணித்தாய மணற்கரையில் கிடக்கிறது. இருபதடி நீளம், எம் தாய்வழிப் பாட்டனார் விட்டுச் சென்றது. தமையனாரும் யாமும் அதற்கு உடையவர். மாமா அதற்கு மீகாமர். சென்ற ஆண்டு ஒருவர் வந்து, மரத்தையும் பாயையும் களைந்து பொறி பூட்டிக்கொள்வதாகச் சொல்லி விலைபேசினார். தந்தையார் விற்றுவிட விரும்பினார். அவர் கூற்றிலும் நியாயமுண்டு. தோணி கேட்கும் செலவு அத்தகையது.

தோணி வாங்க விழைவோர் முதலில் அஞ்சவேண்டுவது புயலையன்று, புழுவையே. கப்பற்புழு எனப்படுவது உண்மையில் சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர்; நீரில் நெடுநாள் கிடக்கும் மரத்தை உள்ளிருந்தே துளைத்துவிடும். அதனால் தோணியைக் கரையேற்றி உலர்த்தி, பலகை இடுக்குகளிற் கலப்பற்று அடைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசவேண்டும். நனைந்த பாயைச் சுருட்டி வைத்தலும் ஆகாது. பூசணம் பிடித்து, அடுத்த பெருங்காற்றிற் கிழியும். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி மீன்பிடி கலங்களைப் பதிவு செய்தலும் வேண்டும்.

அடுத்தது பருவம் அறிதல். வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் பாக்கு விரிகுடா கொந்தளிக்கும்; தென்மேற்குக் காற்றுக்காலத்தில் மன்னார்க் கடல் சீறும், எம் கரை பெரிதும் அமைந்திருக்கும். சித்திரை தொடங்கி விசைப்படகுகட்கு 61 நாள் தடை நிகழுங்கால், பாய்மரத் தோணி தடையின்றிச் செல்லலாம். மாமாவின் கைக்கு ஓரளவு பணம் வருவதும் அந்நாட்களிலேதான்.

காற்று மிகுந்தால் தோணியின் குறுக்கே ஒரு பலகையை நீட்டி, காற்று வரும் பக்கமாக ஆட்கள் அதன்மேல் ஏறி நின்று எடை கொடுப்பர். ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் 1920-ல் இந்தியப் படகுகளைப் பற்றி நூல் வெளியிட்டார். இவ்விரிகுடாவின் இப்பலகையையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். எமக்கு அப்பலகைமேல் நிற்பது இன்னும் அச்சமே. தமையனார் அங்கே பாட்டுப் பாடுவார்; அதைப் பொறுத்துக்கொள்ளல் வேறு துன்பம்.

பாயின் கயிற்றைப் பற்றிய முதல்நாள் மாமா சொன்னது இவ்வளவே: “மரத்துலே கட்டிப்புடாதே மாப்ளே, கையிலேயே வச்சிரு.” கட்டிய கயிறு திடீர்க்காற்றில் தோணியைக் கவிழ்க்கும், கையிலிருப்பின் உடனே தளர்த்தலாம். எதிர்காற்றில் நேரே செல்லவும் இயலாது. ஒருமுறை வலமும் ஒருமுறை இடமுமாகச் சாய்ந்து சாய்ந்தே முன்னேற வேண்டும். கரிகாலன் முன்னோன் காற்றை ஏவல்கொண்டமையை வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூற்று 66-ஆம் பாட்டை வகுப்பிற் பொருளுணர்ந்து படித்தோம். அவ்வேவல் எத்துணை உழைப்பென்பதை உள்ளங்கைக் கொப்புளங்களே உணர்த்தின.

பொறி பூட்டினால் மாமாவுக்கு அத்தோணியில் வேலையிராது. ஐம்பத்தெட்டு வயதில் அவர் வேறு தொழில் தேடவேண்டும். இதனைத் தந்தையாரிடம் எடுத்துரைத்தோம். செலவை யாமே ஏற்பின் இன்னும் ஓராண்டு வைத்துக்கொள்ள இசைந்தார். புதுப்பாய்க்கு வேண்டிய பணத்திற் பாதி சேர்ந்துள்ளது; மீதிக்காக மாலைதோறும் பள்ளிப் பிள்ளைகட்கு இலக்கணம் கற்பித்து வருகிறோம்.