காவியா, பச்சையா?

நாரணாபுரம்னு சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது. சிவகாசிப் பக்கம்னு சொன்னா உடனே 'தீபாவளிக்கு வெடி வாங்கிட்டு வா மாப்ள'தான். ஊரே வண்ணத்துல பொழைக்குது. மத்தாப்பு சிவப்பா எரியணும்னா ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம் (பேரியத்துக்கு 2018-ல உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு). அப்பேர்ப்பட்ட ஊர்ல பொறந்த எனக்கு சிவப்பு-பச்சை நிறக்குறை. கடவுளோட குசும்பு :-)

காலேஜ் முடிச்சு முதல் வேலைக்கான மெடிக்கல்லதான் தெரிஞ்சுது. இஷிஹாரா புத்தகத்தை நீட்டினாங்க. புள்ளிகளுக்குள்ள எண் ஒளிஞ்சிருக்குமாம். எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிஞ்சுது. 1917-ல ஜப்பான் டாக்டர் ஒருத்தர் வெளியிட்ட சோதனை. குட்டி ஜப்பான்காரனை அசல் ஜப்பான்காரர் கவுத்துட்டார்!

அப்பாகிட்ட மட்டும் சொல்லலை. அச்சாபீஸ்ல முப்பது வருஷமா மை கலக்குறவர். அவர்கிட்ட எப்படிச் சொல்ல?

பொழுதுபோக்குக்கு பிளாஸ்டிக் விமானம் ஒட்டி பெயிண்ட் அடிப்பேன். (சிரிக்காதீங்க.) டாமியா பாட்டில்ல நம்பர் இருக்கும். எக்ஸ்எஃப்-5 பச்சை, எக்ஸ்எஃப்-7 சிவப்பு. கண்ணை நம்பாதே, நம்பரை நம்பு. இதான் என் வேதம்.

போன லீவுல ஊர்ல மிக்-21 ஒட்டினேன். நம்ம விமானப்படை வட்டத்துல வெளியே காவி, நடுவுல வெள்ளை, உள்ளே பச்சை. ஸ்டிக்கர் கிழிஞ்சதால, ரெண்டு கிண்ணத்துல கலர் கலந்து கையால வரைய உக்காந்தேன். ஆபீஸ்ல இருந்து போன். பேசிட்டு வந்தா எது காவி, எது பச்சைன்னு தெரியலை. கலந்த கலருக்கு ஏது நம்பர்? குத்துமதிப்பா அடிச்சேன்.

"என்னடா, வெளிய பச்சை அடிச்சிருக்க?"

அப்பா. வேற வழியில்லாம எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்க தாத்தாவும் காய்த் தக்காளியத்தான் பழம்னு பறிச்சிட்டு வருவாரு"ன்னார். அம்மாவோட அப்பா. இது அம்மா வழியா வர்ற எக்ஸ் குரோமோசோம் சமாசாரம்னு விளக்கப் போய், வாயை விட்டுட்டேன்.

அடுப்படில இருந்து அம்மா, "அப்ப என்னாலயாடா?"

"நீ என்னம்மா பண்ணுவ? தாத்தா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து"ன்னேன். அம்மா சிரிக்கலை.

அப்பாதான் காப்பாத்தினார். "நாங்க மட்டும் கண்ணை வச்சா கலக்குறோம்? தராசுல எடை போட்டுத்தான். சாயங்கால வெளிச்சத்துல எந்தக் கண்ணும் பொய் சொல்லும்"னுட்டு, பக்கத்துல உக்காந்து சொட்டு எண்ணிக் கலந்தார். மஞ்சள் எத்தனை, சிவப்பு எத்தனைன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டேன். இப்ப என் காவிக்கும் நம்பர் இருக்கு.

மறுநாள் கிண்ணங்களைக் கழுவுறப்பதான் பாத்தேன். அடியில மார்க்கர்ல 'கா', 'ப'ன்னு எழுதியிருந்துது. அது அம்மா கையெழுத்து.