அமிர்தியில் மீண்ட குரல்

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. சிறிய உயிரியல் பூங்காவும் மழைக்காலத்தில் பெருகும் அருவியும் அவ்வூரின் சிறப்புகள். சென்ற மழைக்காலத்தில் குடும்பத்துடன் சென்றிருந்தேன்.

திரும்பும் வழியில் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்கினோம். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர் பெற்ற கணினி, துணி சுற்றிப் பரணில் கிடந்தது. “ஹஜ்ரத், மறைந்த அத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளை இதில்தான் பதிந்து வைத்தேன். இப்போது இயங்கவே மாட்டேன் என்கிறது” என்றார்.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது. திரையோ இருண்டே இருந்தது. மின்னிணைப்பை நீக்கி, பேட்டரியைக் கழற்றி, எஞ்சிய மின்சாரம் வடியப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம். பின்னர் அடிமூடியைத் திறந்து ‘ரேம்’ எனும் நினைவக அட்டையை எடுத்தோம். மலையடிவார ஈரக்காற்றில் அதன் முனைகள் மங்கியிருந்தன. பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துப் பொருத்தினோம். திரை ஒளிர்ந்தது!

அத்தாவின் குரல் எழுந்ததும் மாணவரின் அன்னை முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டார். அன்றிரவே பதிவுகளையெல்லாம் பென்டிரைவில் படியெடுக்கச் செய்தேன்.

வாசகர்களே! பழைய கணினியை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அதனினும் முதன்மையானது, இயங்கும்போதே படியெடுத்து வைப்பது.