அரை எம்.எம். பேக்கிங்

கியர்பாக்ஸில் ஆயில் ஒழுகுகிறது என்று ஷெட்டுக்கு வரும் லாரிக்காரர்கள் முதலில் கேட்பது, "எந்த பேக்கிங் போட்டா நிக்கும்?" என்றுதான். கார்க்கா, பேப்பரா, ரப்பரா, இல்லை ட்யூபிலிருந்து பிதுக்கிப் பூசும் சிலிகானா? தருமபுரியில் சேலம் ரோட்டோரம் எனக்குப் பழக்கமான ஒரு ஷெட் இருக்கிறது. மாலை நேரங்களில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். இந்தக் கேள்விக்கு அங்குள்ள மேஸ்திரி நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "மொதல்ல கழுவலாங்கண்ணா, அப்புறம் பாக்கலாம்" என்பார்.

கழுவுவதே பாதி வேலை. மண்ணும் எண்ணெயும் சேர்ந்து தோல் மாதிரி படிந்திருப்பதை டீசல் ஊற்றிச் சுரண்டி, துணியால் துடைத்து, காற்றடித்துக் காயவிடுவார்கள். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை மூட்டுகளின் மேல் தூவி, வண்டியைத் தொப்பூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்வார். திரும்பி வந்ததும் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரிந்துவிடும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேல் மூடியில் கசிந்தது ஓட்டக் காற்றில் பின்னால் வழிந்து, கடைசியில் டிரெயின் பிளக் நுனியில் வந்து தொங்கும். பழி பிளக்கின் மேல் விழும்.

கசியும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். அமெரிக்க பிக்கப் வண்டிகளில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதன் அடியில் ஒரு தகரத் தட்டு போல்ட்டுகளில் தொங்கும். அங்கே ஒழுகல் என்றால் பெரும்பாலும் அந்தத் தட்டில்தான். நம் டாடா, லேலண்ட் லாரிகளின் சாதாரண கியர்பாக்ஸுக்கு அப்படி ஓர் அடித்தட்டு கிடையாது. அது வார்த்தெடுத்த கனமான கூடு. மேல் மூடி, முன்பக்கத்து பேரிங் மூடி, டிப்பரிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியை வேறு கருவிக்கு எடுத்துக் கொடுப்பது) மாட்டுகிற பக்கவாட்டு மூடி என்று பேக்கிங் உட்காரும் இடங்கள் வேறு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்யும் ஆலிசன் கம்பெனிக்கு ஒரகடத்தில் தொழிற்சாலையே இருக்கிறது; பெங்களூரின் வால்வோ டவுன் பஸ்களிலும் ஆட்டோமேட்டிக்தான். ஆனால் தருமபுரி ஷெட்டுகளுக்கு அவை வந்து நிற்பது அபூர்வம். இங்கே தகரத் தட்டுக்குச் சமமானது இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப். (லேலண்ட் 1980-இல் ஓசூரில் தொழிற்சாலை தொடங்கியபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதுவும் போயிற்று. நம் ஷெட்டில் படுத்திருக்கும் பழைய லேலண்டுகள் பல, பிறந்த மாவட்டத்துக்கே வைத்தியத்துக்கு வந்தவை.)

வார்ப்பா, தகரமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வார்ப்பு முகம் இழைத்துச் சமமாக்கப்பட்டது, கெட்டியானது, வளையாது. அதற்கு மெல்லிய பேப்பர் பேக்கிங் போதும். கடையில் அளவாக வெட்டியது கிடைக்காவிட்டால் ஷெட்டிலேயே வெட்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கனமான தாளை மூடியின் மேல் விரித்து, உருண்டை முனைச் சுத்தியால் ஓரம் முழுக்கப் பூப்போலத் தட்டிக்கொண்டே போவார் மேஸ்திரி. இரும்பின் விளிம்பே தாளை அறுத்துவிடும். போல்ட் ஓட்டைகளுக்கு ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரே தட்டு. வட்டமாகப் பெயர்ந்து விழும். கத்திரிக்கோல் தேவைப்படுவதில்லை.

மேல் மூடிக்குத் தாள் கொஞ்சம் தடித்தால் குடி முழுகாது. முன் பேரிங் மூடிக்கு அப்படியில்லை. சில கியர்பாக்ஸ்களில் அந்தத் தாளின் கனம்தான் பேரிங் எவ்வளவு ஆடலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. அரை எம்.எம். இருந்த இடத்தில், கசிவு நிற்கட்டும் என்று ஒரு எம்.எம். தாளை வைத்தால் கசிவு நின்றாலும் நிற்கும். ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கி, ஓட்டத்தில் கியர் தானாக நழுவும். டிரைவர் கியர் லீவரைக் குறை சொல்வார். யாருக்கும் தாளின் ஞாபகம் வராது.

தகர சம்ப் வேறு ரகம். அதன் விளிம்பு அலை அலையாக இருக்கும். மெல்லிய தாள் அந்த மேடு பள்ளத்தை நிரப்பாது. கார்க் நிரப்பும், அமுங்கிக் கொடுக்கும். கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்துக்கு வேண்டியதில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. ஒரு தடவை பட்டை உரித்த மரத்தை மறுபடி உரிக்க 9 ஆண்டு காத்திருக்க வேண்டும். அத்தனை பொறுமையாக வளர்ந்தது நம் ஊர்க் கடையில் ஆணியில் தொங்கித் தொங்கிக் காய்ந்து சுருங்கிப்போகிறது. ஓட்டைகள் போல்ட்டோடு பொருந்தாமல் நிற்கும்போது இழுத்து மாட்டினால் முறியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்தால் பழைய அளவுக்கு வந்துவிடும். ரப்பர் கலந்த கார்க்குக்கு இந்தத் தொந்தரவு குறைவு. எனக்குத் தேர்வு கொடுத்தால் அதைத்தான் எடுப்பேன்.

ரோட்டில் நிற்கும் வண்டிக்குச் சிலர் பழைய டயர் ட்யூபை வெட்டி பேக்கிங்காக வைத்துவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். ட்யூப் ரப்பர் ஆயிலைக் குடித்து ஊதிக் கொழகொழத்துவிடும். ஆயிலுக்குத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். கம்பெனி பேக்கிங் கறுப்பாக இருக்கிறதே, இதுவும் கறுப்புதானே என்று நினைத்தால் தொலைந்தோம்.

சிலிகான் மேல் எனக்குக் கோபமில்லை, அதைப் பூசும் கையின் தாராளத்தின் மேல்தான். அனபாண்ட் ட்யூபை எடுத்துக் கேக்கில் கிரீம் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே பிதுங்குவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளேயும் அதே அளவு பிதுங்கி, துண்டாகக் கழன்று, சம்ப் அடியிலுள்ள ஆயில் வலையைப் போய் அடைக்கும். சிலிகான் காற்றின் ஈரத்தைக் குடித்து வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே இறுகுவது. நம் சித்திரை வெயிலின் வறண்ட காற்றில் இன்னும் மெதுவாக இறுகும். ஒரு ராத்திரி விடாமல், லோடு காத்திருக்கிறது என்று உடனே ஆயிலை ஊற்றினால் பூசியது வீண். ரப்பர் பேக்கிங்குக்கு மேலே சிலிகானைப் பூசுவது இன்னும் மோசம். வழுக்கிக்கொண்டு, முறுக்க முறுக்க ரப்பர் வெளியே நழுவிவிடும்.

இதற்கு நேர் எதிரான பசை ஒன்றும் உண்டு. அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-இல் கண்டுபிடித்தது. பின்னால் லாக்டைட் என்று பெயர் எடுத்தது. காற்று பட்டால் இது இறுகாது. காற்றில்லாமல் இரண்டு உலோக முகங்களுக்கு இடையில் அடைபட்டால்தான் இறுகும். பாட்டிலில் கெட்டியாகிவிடக் கூடாதே என்று உள்ளே காற்றுக்கும் இடம் விட்டுத்தான் அடைக்கிறார்கள். "பாதி பாட்டில்தான் இருக்கு, ஏமாத்தறாங்க" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இழைத்த வார்ப்பு முகங்களுக்கு அருமையான சரக்கு. தகர சம்ப்புக்கு ஆகாது.

ஆக, எதைப் போடுவது என்பதை பேக்கிங் தொங்கும் ஆணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூடியைக் கழற்றி அதன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேஸ்திரி ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். தகரமானால் போல்ட் ஓட்டை ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு குமிழ் எழும்பியிருக்கும், இடையே வெளிச்சம் கசியும். முன்னால் யாரோ ஒழுகல் நிற்கட்டும் என்று ஸ்பானரில் குழாய் மாட்டி முறுக்கியதன் விளைவு. முறுக்க முறுக்க ஓட்டைப் பக்கம் மேலே போகும், நடுப்பக்கம் வாயைப் பிளக்கும். சம்ப்பைக் கவிழ்த்து மரக்கட்டை மேல் வைத்துக் குமிழ்களைத் தட்டிச் சமமாக்கிய பிறகுதான் எந்த பேக்கிங்கும் வேலை செய்யும்.

சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது, டாப்-அப் பண்ணிக்கொள்ளலாம் என்கிற அலட்சியத்துக்குத் தொப்பூர் மலைப்பாதைதான் பதில் சொல்லும். சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அது நியாயம். கியர்பாக்ஸ் கூட்டுக்குள் நடப்பதை யாரும் பேசுவதில்லை. ஆயிலில் மூழ்கிச் சுற்றி மேலே வாரித் தெளிப்பவை கீழிருக்கும் லே ஷாஃப்ட்டின் பற்கள். நியூட்ரலில் அது ஐட்லிங் வேகத்தில் மெல்ல உருள, மெயின் ஷாஃப்ட் சக்கர வேகத்தில் பறக்கிறது. ஆயில் மட்டமும் இறங்கியிருந்தால் மேலே உள்ள புஷ்களுக்கு நனையக்கூட ஒன்றும் கிடைக்காது.

பேக்கிங்கே காரணமில்லாத ஒழுகலும் உண்டு. கிரானைட் லோடு ஏற்றும் ஒரு வண்டி, மாற்றி மாற்றிப் புது பேக்கிங் போட்டும் மலை ஏறி வந்தால் மேல் மூடியில் வியர்த்தது. மேஸ்திரி பேக்கிங்கைத் தொடவே இல்லை. கூட்டின் தலையில் இருக்கும் விரல் நுனியளவு பிரீதரைக் கழற்றி, அதில் இறுகியிருந்த கல்தூளை ஒரு கம்பியால் குத்தி எடுத்தார். ஏற்றத்தில் சூடாகி விரியும் காற்று வெளியே போக வழியில்லாமல் ஆயிலை மூட்டு வழியே தள்ளியிருக்கிறது. வண்டி சரியாகிவிட்டது. ஆனால், "ஒண்ணுமே மாத்தலியே, எதுக்குக் கூலி?" என்று ஓனர் பிடித்துக்கொண்டார். பாதிக் கூலிதான் கொடுத்தார். மேஸ்திரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நானாக இருந்தால் முழுசையும் வாங்காமல் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன்.