சங்கின் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா?

தூத்துக்குடிப் பக்கம் உயிரியல் வாத்தியாராக இருந்த காலத்தில், சங்கு குளிக்கப் போகிறவர் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், முத்துச்சிப்பி ஒரு வருஷம் குவிஞ்சு கெடக்கும், அடுத்த வருஷம் காணாமப் போயிரும்னு தாத்தா சொல்வாரு. சங்கு மட்டும் எப்படி அதே இடத்துல கெடக்கு?"

நல்ல கேள்வி. பதில் குஞ்சுப் பருவத்தில் இருக்கிறது.

முத்துச்சிப்பி முட்டையைக் கடல்நீரிலேயே விட்டுவிடும். அதிலிருந்து வரும் இளவுயிரி ஏறத்தாழ மூன்று வாரம் நுண்பாசிகளைத் தின்றபடி மிதந்து திரியும். நீரோட்டம் எங்கே கொண்டு போகிறதோ, அங்கே ஒட்ட இடம் கிடைத்தால் பிழைக்கும். தாய்ச் சங்கு அப்படி இல்லை. ஆட்டுக்கொம்பு போல முறுக்கிய முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கும். மிதக்கும் பருவம் முழுக்கக் கூட்டுக்குள்ளேயே கழிந்துவிடும். வெளியே வருவது ஓட்டோடு ஊர்ந்து போகும் குட்டிச் சங்கு.

"அப்போ சங்குதான் சார் பின்தங்கியது, நீந்தவே தெரியல" என்பார்கள் பிள்ளைகள். நேர்மாறு. கடல் நத்தைகளின் மூதாதைகளுக்கு நீந்தும் இளவுயிரி இருந்தது. பிறகு பல கிளைகள், ஒன்றையொன்று சாராமல், அதைக் கைவிட்டன. எண்ணற்ற சிறு முட்டைகளுக்குப் பதிலாக, சத்து நிறைந்த கொஞ்சம் முட்டைகள். பரிணாமத்தில் ஒன்றை விடுவதும் மாற்றம்தான். ஆனால் நீந்தி இரை தேடும் உறுப்புகள் ஒருமுறை போய்விட்டால், திரும்பக் கிடைப்பது மிக அரிது.

இந்த வரலாறு ஓட்டிலேயே இருக்கிறது. தேயாத ஓட்டின் நுனியைப் பாருங்கள். மெல்லிய சுற்றுகள் பலவாக, கூர்மையாக இருந்தால் அது மிதந்து வளர்ந்த நத்தை. பருத்து மழுங்கியிருந்தால் கூட்டுக்குள் வளர்ந்தது. சங்கு இரண்டாவது வகை. தொல்லுயிர் எச்சங்களிலும் இதைப் படிக்கலாம். அமெரிக்காவின் வளைகுடாக் கரையில் கிடைத்த பழைய நத்தை ஓடுகளை ஆராய்ந்த தார் ஹான்சன், மிதக்கும் குஞ்சு உள்ள இனங்கள் நெடுங்காலம் நிலைத்ததையும், மிதக்காதவை சீக்கிரம் அழிந்ததையும் 1978இல் எழுதினார். மிதக்காதவை ஆங்காங்கே தனித்துப்போய்ப் புதுப்புது இனங்களாகப் பிரிவதும் அதிகம். நம் சங்கும் கரைக்குக் கரை வடிவம் மாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் பையனிடம் கடைசியாகச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஒரு பாரில் முத்துச்சிப்பி அழிந்தால், வேறெங்கிருந்தோ நீரோட்டம் குஞ்சுகளைக் கொண்டுவரலாம். ஒரு படுகையில் சங்கை வழித்தெடுத்துவிட்டால் மிதந்து வந்து நிரப்ப யாருமில்லை. பக்கத்துப் படுகையிலிருந்து ஊர்ந்துதான் வரவேண்டும். ஆகவே வலையில் முட்டைக்கூடோ குட்டிச் சங்கோ சிக்கினால், அதே இடத்தில் கடலில் விட்டுவிடுங்கள்.

கோயில் சங்கில் நுனியைத் தேடாதீர்கள். ஊதுவதற்காக முதலில் வெட்டுவதே அதைத்தான். வீட்டில் வெட்டாத சங்கு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.