ஈடு கொடுத்தல்

பூல் என்றொரு மேசை விளையாட்டு உண்டு. பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது கரம் பலகையைப் பன்மடங்கு பெரிதாக்கி, விரலுக்குப் பதிலாகக் கையிற் கோலைத் தந்தாற்போல் இருக்கும். வட அமெரிக்காவில் வாழும் வாசகர்களிற் சிலர் அதனை ஆடியும் இருக்கலாம். அங்கே அமெரிக்க பூல் ஆட்டக்காரர் சங்கம் நடத்தும் போட்டிகளில், எட்டுப்பந்து ஆட்டத்துக்கு 2 முதல் 7 வரை திறன்நிலைகள் வகுத்திருக்கிறார்கள். 7ஆம் நிலைக்காரர் 2ஆம் நிலைக்காரரை எதிர்கொண்டால், முன்னவர் 7 ஆட்டங்களை வெல்ல வேண்டும். பின்னவருக்கு 2 ஆட்டங்களே போதும். களமிறங்கும் ஐவரின் நிலைகளைக் கூட்டினால் 23ஐத் தாண்டவும் கூடாது.

இவ்வேற்பாட்டை ஆங்கிலத்தில் 'ஹாண்டிகப்' என்பர். இக்கட்டுரையில் அதனை 'ஈடு' என்று அழைப்போம். குதிரைப் பந்தயத்தில் வல்ல குதிரையின்மேல் கூடுதல் எடை ஏற்றுவதும், கோல்ப் ஆட்டத்தில் எளிய ஆட்டக்காரருக்குச் சில அடிகளைக் கழித்துவிடுவதும் இவ்வகையினவே.

"வல்லவனைத் தண்டிப்பது எவ்வாறு நீதியாகும்?" என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நம்மவர்க்கு இச்சிந்தனை புதியதன்று. தமிழ்ச் சிறுவர் விளையாட்டுகளில் 'உத்தி' பிரிப்பார்கள். வலிமையில் ஒத்த இருவர் சோடியாக ஒதுங்கிச் சென்று, ஆளுக்கொரு புனைபெயர் சூடி வந்து நிற்பர். "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்ற வகையில் தலைவர்களிடம் கேட்பர். எவரைத் தெரிந்தாலும் இரு கட்சியும் சமனாகவே அமையும். மிகச் சிறியவனை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு. அவன் களத்தில் ஓடுவான், கணக்கில் வரமாட்டான். முன்னையது நீதி, பின்னையது இரக்கம். இவ்விரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம்.

இதனை நான் எழுதப் புகுந்தது பந்துகளுக்காக அன்று. என் ஊர் புதுக்குடியிருப்பு. இலங்கைத் தமிழருள் ஈடு என்ற சிந்தனை வேறொரு பெயரால் ஆறாத வடுவாய் இருக்கிறது. அப்பெயர் தரப்படுத்தல்.

1970-71 பல்கலைக்கழக அனுமதியில், பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. ஈட்டின் முதல் விதி, ஆட்டக்காரனின் குறைபாட்டை அளந்து அதற்கேற்பக் கொடுப்பதாகும். இங்கே அளக்கப்பட்டது குறைபாடு அன்று, மொழி. கொழும்பின் பெரும் பாடசாலையிற் படித்த சிங்கள மாணவனுக்குச் சலுகையும், ஆய்வுகூடமே காணாத வன்னிப் பாடசாலையின் தமிழ் மாணவனுக்குச் சுமையும் கிடைத்தன. அதனை ஈடு என்பது அச்சொல்லுக்கே இழுக்கு.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. யாழ்ப்பாண மாணவர் பலர் அதனால் இடமிழந்தனர் என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆனால், பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்ததும் அதுவே. தரப்படுத்தலின் வரலாற்றை எழுதிய நம்மவர் முதலாவதை விரிவாக எழுதினர்; இரண்டாவதை மெல்லக் கடந்து சென்றனர். வன்னியிற் பிறந்தவன் என்ற முறையில் இம்மௌனம் என்னை நெடுங்காலம் உறுத்தியது. ஒரே தமிழ்ச் சமூகத்தினுள்ளும் 7ஆம் நிலைக்காரரும் 2ஆம் நிலைக்காரரும் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்வதால் நமக்கிழைக்கப்பட்ட அநீதி சிறிதாகிவிடாது.

இன்றைய முறையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்பட்டியலில் முல்லைத்தீவு உண்டு. பல்கலைக்கழகத்தில் நான் கலைப்பட்டத்துக்குப் படித்த நாட்களில், எங்கள் பகுதியிலிருந்து விஞ்ஞானம் படிக்க வந்தவர்களைச் சிலர் 'கோட்டாக்காரர்' என்று சிரித்தபடி அழைக்கக் கேட்டிருக்கிறேன். சிரித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பூல் ஆட்டத்தில் ஈடு வெற்றியையே தீர்மானிக்கும். பல்கலைக்கழகத்திலோ அது வாசல் வரைதான். உள்ளே எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே திருத்துநர். அங்கே தேறியவரின் பட்டத்தில் மாவட்டத்தின் பெயர் இருப்பதில்லை.

எனினும் மாவட்ட ஒதுக்கீடு குறையற்றதன்று. கோல்ப் ஆட்டத்தின் உலகப் பொதுமுறை 2020இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் அண்மைய 20 சுற்றுகளிற் சிறந்த 8இன் சராசரியே அதில் ஈட்டுக்கு அடிப்படை. ஆளை அளக்கிறது, ஆள் தேற, அளவும் மாறுகிறது. நமது ஒதுக்கீடு ஆளை அளப்பதில்லை, நிலத்தை அளக்கிறது. முல்லைத்தீவின் உயர் அலுவலர் பிள்ளைக்கும் மீனவர் பிள்ளைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. கொழும்பின் சேரிப்பிள்ளையோ அந்நகரின் மிகப் புகழ்பெற்ற பாடசாலைகளோடு போட்டியிட வேண்டும். 2009இல் எங்கள் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டபோது, ஒவ்வொரு பிள்ளையும் இழந்தது வெவ்வேறு. அதனை எந்த இசட் புள்ளியும் காட்டாது.

ஏமாற்றும் உண்டு. வேண்டுமென்றே தோற்றுத் தம் திறன்நிலையைத் தாழ்த்தி வைத்திருக்கும் பூல் ஆட்டக்காரரை ஆங்கிலத்தில் மணல்மூட்டைக்காரர் என்ற பொருளிற் பழிப்பர். இங்கும் நகரத்திற் படித்துவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் பின்தங்கிய மாவட்டத்திற் பெயர் பதிவோர் பற்றிய முறைப்பாடுகள் நெடுங்காலமாக எழுந்து வருகின்றன. அதனாலேயே, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் மாணவர் எங்கே படித்தார் என்று விதிகள் கேட்கின்றன. ஈட்டைத் திருடுபவன் எதிராளியிடமிருந்து திருடவில்லை. தன்னிலும் எளியவனிடமிருந்தே திருடுகிறான்.

பூல் சங்கத்தில் ஒருவர் தொடர்ந்து வென்றால் அவரது நிலை உயர்த்தப்படும். எவரும் 2இலேயே முதுமையடைவதை அவ்விதி விரும்புவதில்லை. ஒரு மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் பின்தங்கியோர் பட்டியலிலேயே இருக்குமாயின், ஈடு கொடுக்கப்பட்டதேயன்றிப் பயிற்சி கொடுக்கப்படவில்லை என்பதே பொருள். கணித, விஞ்ஞான ஆசிரியர்களையும் ஆய்வுகூடங்களையும் அனுப்புவது செலவு மிக்கது. வெட்டுப்புள்ளியைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. அரசுகள் எதனைத் தெரிந்தன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முல்லைத்தீவுக்குரிய ஒதுக்கீட்டை இன்று பறிக்க வேண்டும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. அது என்றும் இருக்கட்டும் என்பாரோடும் இல்லை. எங்கள் பிள்ளைகள் 7ஆம் நிலையில் நின்று, இன்னொரு பின்தங்கிய ஊரின் பிள்ளைக்கு ஈடு கொடுக்கும் காலம் வரவேண்டும். அன்று எங்களூரிலும் சிலர் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.