ஸ்டியரிங்குக்குள் வைக்கோல்

1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் சரக்குப் பெட்டியைத் தானே பொருத்தி விற்க ஆரம்பித்தது. விலை 281 டாலர். அதுவரை விவசாயிகள் இரண்டு பேர் உட்காரும் ரன்அபௌட்டை வாங்கி, ஊர்த் தச்சரிடம் சொல்லிப் பின்னால் பலகைப் பெட்டி அடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலையிலிருந்தே பெட்டியோடு வெளிவந்த அந்த முதல் பிக்கப்களில் ஒன்றை மிச்சிகனில் என் பக்கத்து வீட்டு நண்பர் வைத்திருக்கிறார். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஸ்டியரிங் வளையம்தான் வெடித்துக் கிடந்தது. ஆரக்கால் சேரும் இடங்களில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவுகள். கறுப்பு நிறம் மங்கிப் பழுப்பேறிவிட்டது. புதிதாகச் செய்த மாற்றுச் சக்கரம் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பழையதைக் கழற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்.

மாடல் டியில் அது பொறுமை கேட்கும் வேலை. நடுவிலுள்ள நட்டை எடுத்தாலும் சக்கரம் தண்டை விடாது. அவசரப்பட்டு அடியிலிருந்து சுத்தியலால் தட்டினால் தண்டின் மரை போகும், அல்லது வளையமே உடையும். புல்லர் போட்டு, கொஞ்சம் இறுக்கி, காத்திருந்து, மறுபடி கொஞ்சம் இறுக்கித்தான் இழுக்க வேண்டும். சக்கரம் வந்த பிறகு கீழே உள்ள மூடியைத் திருகி எடுத்தால் மூன்று சிறு பற்சக்கரங்கள் தெரியும். மற்ற வண்டிகளில் தண்டின் அடிமுனையில் இருக்கும் ஸ்டியரிங் கியர், இதில் ஓட்டுபவரின் கைக்கு நேர் கீழே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது.

பிளவின் ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். கந்தக வாடை அடித்தது. திருவள்ளூரில் எபனைட் பேனா கடையும் இடத்தில் நின்றவர்களுக்கு இந்த வாடை தெரியும். ரப்பரில் கந்தகத்தை ஏராளமாகச் சேர்த்துச் சூடாக்கினால் மரம்போல இறுகிவிடும். நெடுங்காலம் வெயில் பட்டால் பழுப்பேறும். மேல்தோல் அந்தக் கெட்டி ரப்பர்தான் என்று புரிந்தது. ஆனால் உள்ளே இருந்தது வேறு மாதிரி, மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. “இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளும்வரை புதியதைப் பொருத்த வேண்டாம்” என்று நண்பரிடம் கேட்டுக்கொண்டேன்.

விடை ஹென்றி ஃபோர்டின் புத்தகத்திலேயே இருந்தது. சாமுவேல் கிரௌதரோடு சேர்ந்து 1926-இல் அவர் வெளியிட்ட ‘டுடே அண்ட் டுமாரோ’வில், வீணாகும் பொருள்களைப் பற்றிப் பேசும்போது ஸ்டியரிங் சக்கரத்துக்கு வருகிறார். முதலில் வளையத்தை மரத்தில் செய்தார்கள். நல்ல மரம் நிறைய வீணாயிற்று. ஃபோர்டின் பண்ணையிலோ வைக்கோல் மிஞ்சிக் கிடந்தது. அந்த வைக்கோலோடு ரப்பர், கந்தகம், சிலிக்கா முதலியவற்றைக் கலந்து ‘ஃபோர்டைட்’ என்ற பொருளை உருவாக்கினார்கள். சூடான உருளைகளுக்கிடையே பிசைந்த மாவை, முறுக்கு பிழிவதுபோல எந்திரத்தில் நீளக் குழாயாகப் பிழிந்து, சாய்வாக வெட்டி, மேலே உயர்ந்த ரப்பரைப் போர்த்தி, அச்சில் வைத்து அழுத்தி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்தார்கள். வெளியே வரும்போது மெத்தென்றிருப்பது ஆறியதும் கல்லாகிவிடும். நான் பிளவுக்குள் பார்த்தது இந்த வைக்கோல் மாவைத்தான்.

டியர்பார்னில் 1863-இல் விவசாயி வீட்டில் பிறந்த மனிதர் தன் வயலின் மிச்சத்தை வண்டிக்குள் கொண்டுவந்தார். பிற்காலத்தில் சோயா மொச்சையிலிருந்து ஹாரன் பொத்தானும் கியர் குமிழும் செய்ததும் இதே மனப்போக்குதான். இதை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் மற்றொரு கேள்வி என்னை விடவில்லை. வைக்கோல் டியர்பார்னிலிருந்து வந்தது. ரப்பர்?

1925-இல் அந்தக் கேள்வி அமெரிக்கா முழுவதையும் ஆட்டியது. ரப்பர் விலை சரிந்ததால், 1922-இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த ஆண்டு ராத்தலுக்கு 20 சென்ட்டுக்கும் கீழே கிடந்த விலை 1925-இல் ஒரு டாலரைத் தாண்டியது. அமெரிக்க வணிகத் துறை அமைச்சர் ஹூவர் வெளிப்படையாகக் கொதித்தார். ரப்பரில் வைக்கோல் கலந்ததற்கு இந்த விலையேற்றமே காரணம் என்று சொல்லிவிடத் தோன்றும், காலம் பொருந்தாது. ஃபோர்டைட் அதற்கு முன்பே வந்துவிட்டது. இந்தப் பரபரப்பு காட்டுவது வேறொன்றை: உலக ரப்பரில் பெரும்பகுதி அந்த இரண்டு நாடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அங்கே மரம் சீவியவர்களில் பெருந்தொகையினர் கங்காணிகள் கப்பலேற்றிக் கொண்டுபோன தமிழர்கள்.

பேராக்கில் இருக்கும் என் அத்தைக்குப் போன் செய்தேன். அவருடைய அம்மா சின்னப் பிள்ளையிலேயே தோட்டத்தில் வேலைக்குப் போனவர். அத்தையும் கல்யாணம்வரை உளி பிடித்தவர். “விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு நிக்கணும்யா. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும்” என்றார். பெரட்டு என்பது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு. சாய்வாகப் பட்டையைச் சீவுவது, மங்குக் கோப்பையில் பால் சொட்டுவது, வாளியில் சேர்ப்பது, அமிலம் ஊற்றி உறையவைப்பது, உருளையில் தகடாக்கிப் புகைக்கூண்டில் தொங்கவிடுவது என்று வரிசையாகச் சொன்னார். “ஒட்டுப்பாலைக்கூட விடமாட்டாங்க. சுரண்டி எடுத்துக் கூடையில போட்டு நிறுக்கணும்.”

“அத்தை, இங்கே ஒரு பழைய கார் ஸ்டியரிங்கை வைக்கோலும் ரப்பரும் கலந்து செஞ்சிருக்காங்க.”

“வைக்கோலா? அதுவும் நம்ம ஊருல இருந்தா போச்சு?”

இல்லை, வைக்கோல் முதலாளியின் வயலிலிருந்து என்றேன். சக்கரம் செய்யும் பத்தியில் ஃபோர்டு தன் வைக்கோலுக்குப் பெருமையோடு இடம் தருகிறார். ரப்பர் அங்கே கலவையில் சேரும் பல பொருள்களில் ஒன்று, அவ்வளவுதான். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பெரட்டுக் களமும் தொழிலாளர் குடியிருந்த லயமும் இருக்கின்றன. வண்டியின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபோர்டு பின்பு தானே ரப்பர் வளர்க்கப் போனார். பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்டுலாண்டியா என்ற ஊரையே எழுப்பினார். 1876-இல் ஹென்றி விக்ஹாம் ரப்பர் விதை எடுத்துப் பிரிட்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்கு அனுப்பியதும் அதே ஆற்றுப் பகுதியிலிருந்துதான். கியூவில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. ஃபோர்டுலாண்டியாவில் நெருக்கமாக நட்ட மரங்களை இலைக்கருகல் நோய் தின்றது. 1945-இல் நிலம் பிரேசில் அரசிடமே திரும்பியது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரிசெய்ய முடியுமா?” என்று மட்டும் கேட்டார். முடியும். பிளவுகளை அரத்தால் V வடிவில் அகலப்படுத்தினோம். எபனைட் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதால் முகமூடி போட்டுக்கொண்டோம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, இரண்டு கூறாக வரும் எப்பாக்ஸியைக் கலந்து கொஞ்சம் மேடாகவே அப்பினோம். ஒரு நாள் இறுகவிட்டு அரத்தாலும் உப்புத்தாளாலும் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தோம். மேலே கறுப்பு பெயின்ட். வளையத்தின் அடிப்பக்கத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்றேன். பழுப்பேறிய அசல் ரப்பர் அங்கே தெரிகிறது. மாற்றுச் சக்கரத்தை அவர் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.